கத்தியின் விலையும் கையின் பெறுமதியும்

நாள்தோறும் நாம் அதிகமாகக் கையிலெடுக்கும் சமையலறைப் பொருள் எது என்று கேட்டால், பலரும் அகப்பை என்றோ சட்டி என்றோ சொல்லக்கூடும். சற்று யோசித்துப் பார்த்தால் அது கத்திதான். காலையில் சம்பலுக்கு வெங்காயம் அரிவது முதல் இரவில் மறுநாளைக்கென மரக்கறி வெட்டி வைப்பது வரை அது நமது கையோடேயே இருக்கிறது. ஆனால் அந்தக் கத்தியை யார் செய்தார், என்ன விலைக்கு வாங்கினோம், அது எத்தனை வருடமாக நம்மிடம் இருக்கிறது என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை.

2019ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அமெரிக்காவில் நடந்த ஓர் ஏலத்தில் ஒரேயொரு சமையல் கத்தி 231,250 டொலருக்கு விலைபோனது. அன்றைய நாணய மாற்று வீதத்தில் இது நமது பணத்தில் நாலு கோடி ரூபாவுக்கும் மேல். அது அரசர் காலத்துப் பொருளும் அல்ல, தங்கப் பிடி போட்டதும் அல்ல. நம் காலத்தில் வாழும் பொப் கிராமர் என்ற கொல்லர் தன் கையால் அடித்த கத்தி. 2018இல் காலமான பிரபல சமையல் கலைஞர் அந்தனி போர்டேன் அதை வைத்திருந்தார். விண்ணிலிருந்து விழுந்த எரிகல்லின் இரும்பும் உருக்கும் சேர்த்து அடிக்கப்பட்டது என்பது அதன் தனிச்சிறப்பு.

வெள்ளவத்தையில் உணவுத் தயாரிப்பைச் சுயதொழிலாகச் செய்யும் பெண்களோடு நான் பணியாற்றுகிறேன். அவர்களுள் பெரும்பாலானோர் யுத்தத்தால் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தவர்கள். இடியப்பமும் பிட்டும் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர்கள், பகல் சாப்பாட்டுப் பார்சல் கட்டுபவர்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவோருக்காக வற்றலும் மோர்மிளகாயும் பலகாரமும் செய்து கொடுப்பவர்கள் என்று பலர். ஒரு நாள் கூட்டத்தில் இந்த ஏலத்தைப் பற்றிச் சொன்னபோது எல்லோரும் சிரித்துவிட்டார்கள். “தங்கச்சி, உந்தக் கத்தி தானாவே எழும்பி வெட்டுமோ?” என்றார் ஒருவர். ஆனால் பாகற்காய் வற்றல் போட்டு விற்கும் ஓர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப கத்தியை அடிச்ச மனுசனுக்கு எவ்வளவு குடுத்தவையாம்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி சரியான கேள்வி. ஏலத்தில் கிடைத்த பணம் கொல்லருக்குப் போகவில்லை. அது கத்தியை வைத்திருந்தவரின் தரப்புக்கும், ஒரு பகுதி சமையற்கலை மாணவர்களுக்கான புலமைப்பரிசிலுக்கும் போனது. ஆனாலும் அந்தக் கொல்லர் தனது கைவேலைக்கு உரிய விலையை ஏற்கனவே பெற்றிருந்தார். அதை அவர் எப்படிப் பெற்றார் என்பதில்தான் நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது.

சாணை பிடித்தவர் கொல்லரானார்

கிராமர் கொல்லர் குடும்பத்தில் பிறந்தவரல்லர். சமையலறைகளில் வேலை செய்தவர். சில காலம் சர்க்கஸில் கோமாளியாகவும் இருந்தவர். பின்னர் சியாட்டில் நகரில் உணவகங்களுக்குக் கத்தி தீட்டிக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கினார். நமது தெருக்களில் “கத்தி சாணை” என்று கூவிக்கொண்டு வருபவர் செய்யும் அதே தொழில்தான். ஆயிரக்கணக்கான கத்திகளைத் தீட்டியதில் எது நல்ல உருக்கு, எது சீக்கிரம் மழுங்கும் என்பதை அவர் கை அறிந்துகொண்டது. அதன் பிறகே கத்தி அடிக்கப் பழகினார்.

அமெரிக்காவில் கத்திக் கொல்லருக்கென ஒரு சங்கம் உண்டு. அதில் தலைமைக் கொல்லர் என்ற தகுதியைப் பெறுவதற்கு ஒரு பரீட்சை வைக்கிறார்கள். தொங்கும் ஓர் அங்குலத் தடிப்புக் கயிற்றை ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். அடுத்து ஒரு மரச்சட்டத்தை இரண்டு தரம் வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன் பிறகும் அந்தக் கத்தி கை மயிரைச் சிரைக்கும் கூரோடு இருக்க வேண்டும். கடைசியாக அதே கத்தியை இடுக்கியில் பூட்டிச் செங்குத்தாக வளைத்தாலும் அது முறியக்கூடாது. அலகு கடினமாகவும் உடல் நெகிழ்வாகவும் இருந்தால்தான் இதில் தேறலாம். கிராமர் தேறினார். இன்று அவர் கடையில் வைத்து விற்பதில்லை. கத்தி தயாரானதும் அறிவித்து, ஏலத்தில் விடுகிறார். வாங்குபவர்களில் பலர் தினமும் சமைப்பவர்கள் அல்லர், கத்திகளைச் சேகரிப்பவர்கள். முத்திரை சேர்ப்பவர்களைப் போல, குறிப்பிட்ட கொல்லரின் கைவேலைக்காகவே காத்திருந்து சேர்ப்பவர்கள்.

யப்பானின் சாக்காய் நகரம்

இப்படிச் சேகரிப்பவர்கள் அதிகம் தேடுவது யப்பானியக் கத்திகளை. அவற்றுள் ஒசாக்காவுக்கு அருகிலுள்ள சாக்காய் நகரத்தின் கத்திகளுக்குத் தனி மதிப்பு உண்டு. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வழியாகப் புகையிலை யப்பானுக்குப் போனது. புகையிலையை மெல்லிதாகச் சீவுவதற்குச் சாக்காய்க் கொல்லர்கள் கத்தி அடிக்கத் தொடங்கினார்கள். அதன் தரத்தைக் கண்ட அன்றைய ஆட்சியாளர்கள் அவற்றுக்கு விசேட முத்திரை குத்த அனுமதித்தார்கள். புகையிலையின் பெறுமதி யாழ்ப்பாணத்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைச் சீவும் கத்தியும் பெறுமதியானது என்று அங்கே ஓர் அரசு முத்திரை குத்திச் சொன்னது.

சாக்காயில் ஒரு கத்தியை ஒருவரே முழுவதும் செய்வதில்லை. ஒருவர் இரும்பை அடிப்பார், இன்னொருவர் தீட்டுவார், வேறொருவர் பிடி பூட்டுவார். ஒவ்வொரு வேலையும் பல வருடம் பழகும் தனித்தொழில். 1982இல் யப்பானிய அரசாங்கம் சாக்காய்க் கத்திகளைப் பாரம்பரியக் கைவினையாக அங்கீகரித்தது. அலகில் செய்தவரின் பெயரைப் பொறிப்பது அங்கே வழக்கம். புகழ்பெற்ற கொல்லரின் கத்திக்கு மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். காத்திருப்பவர் விலை பேசுவதில்லை.

நமது நாட்டின் உருக்கு

இவையெல்லாம் வெளிநாட்டுக் கதைகள் என்று எண்ண வேண்டாம். உலகம் விரும்பி வாங்கிய உருக்கு ஒரு காலத்தில் இந்தத் தீவிலிருந்தே போனது. பலாங்கொடைக்கு அருகே சமனலவாவிப் பகுதியில், நீர்த்தேக்கம் கட்டப்படுவதற்கு முன்னர் அகழ்வாய்வு நடந்தது. மலைச்சரிவின் மேற்குப் பக்கத்தில், காற்றை எதிர்கொண்டபடி பழைய இரும்பு உலைகள் பல கண்டுபிடிக்கப்பட்டன. தென்மேற்குப் பருவக்காற்றே அவற்றுக்குத் துருத்தியாக இருந்தது. ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை அங்கே காற்றைக் கொண்டே உருக்கு எடுத்திருக்கிறார்கள். இதை ஆராய்ந்தவர் ஜில் ஜூலெஃப் என்ற பெண் ஆய்வாளர். அவர் அதே போன்ற உலையைக் கட்டி எரித்துப் பார்த்து, 1996இல் உலகப் புகழ்பெற்ற விஞ்ஞான இதழான நேச்சரில் தன் முடிவை வெளியிட்டார். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு அறிஞர் அல்கிந்தி, வாள்களைப் பற்றி எழுதும்போது சரந்தீபின் உருக்கையும் குறிப்பிட்டிருக்கிறார். சரந்தீப் என்பது நமது தீவுக்கு அரபுக்கள் வைத்த பெயர்.

கண்டி அரசர் காலத்தில் ‘பட்டல் ஹதர’ என்ற நான்கு அரச பட்டறைகள் இருந்தன. அங்கே செய்த ‘பிஹா கெத்த’ என்ற கத்திகளின் பிடியில் யானைத் தந்தமும் வெள்ளியும் பதித்திருப்பார்கள். அவை இன்று நியூயோர்க்கிலும் இலண்டனிலும் அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. இந்தக் கைவினைகளைப் பற்றி எழுதிவைத்தவர் கொழும்பில் பிறந்த தமிழரான ஆனந்த குமாரசுவாமி. அவரது நூல் 1908இல் வெளிவந்தது. அதற்கான புகைப்படங்களை எடுத்தவர் அவருடைய மனைவி எதெல். நூலைப் பற்றிப் பேசும்போது எதெலின் பெயரை நினைப்பவர் குறைவு.

நமது ஊர்களில் அரச பட்டறை இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வீடு கொல்லர் அடித்த சாமான்கள் இருந்தன. திருவலையின் பல்லும், பாக்குவெட்டியும், மீன் வெட்டும் கத்தியும் ஊர்ப் பட்டறையில் அடித்தவையே. பெண்களுக்கென்றே இருந்தது காம்புச் சத்தகம். ஒரு முனையில் ஓலை வார்க்கும் சிறிய அலகு, மறுமுனையில் பெட்டியும் கடகமும் பொத்துவதற்கு ஏற்ற கூரான காம்பு. ஒரு கையில் இரண்டு வேலை. இதைப் பாவித்த பாட்டிமார் எத்தனையோ பேர். அதை அடித்த கொல்லரின் பெயர் அலகில் இல்லை. அந்தச் சத்தகத்தால் பின்னிய கடகத்திலும் பின்னிய பெண்ணின் பெயர் இல்லை.

இடப்பெயர்வு இந்த உறவையும் அறுத்துவிட்டது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து புறப்பட்ட ஓர் அம்மா என்னிடம் சொன்னார்: “அடையாள அட்டை, உடுப்பு, கொஞ்ச அரிசி எடுத்தனாங்கள். கத்தியை விட்டிட்டு வந்தம். சோதனைச் சாவடியில கத்தியோட பிடிபட்டால் என்ன பதில் சொல்லுறது?” ஊரில் இருந்தவரை கத்தி மழுங்கினால் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தோய்ச்சல் போட்டு வருவார்களாம். கொழும்புக்கு வந்த பின்னர் காலி வீதியில் வாங்கும் தகரம் போன்ற கத்தி மழுங்கினால் எறிந்துவிட்டு இன்னொன்று வாங்குவதே வழக்கமாயிற்று. அப்படி வாங்கிய கத்திகளின் விலையைக் கூட்டினால் நல்ல கத்தி ஒன்றை எப்போதோ வாங்கியிருக்கலாம் என்று அந்த அம்மாவே கணக்குச் சொன்னார்.

சம்மட்டி எடுத்த பெண்கள்

கொல்லர் என்றால் ஆண் என்றே நாம் நினைக்கிறோம். இந்தியாவின் இராஜஸ்தானில் காடியா லோஹார் என்ற வண்டிக் கொல்லர் சமூகம் இருக்கிறது. அவர்களிடையே ஆண் இடுக்கியால் இரும்பைப் பிடித்திருக்க, பெண்ணே சம்மட்டி எடுத்து அடிப்பாள். அவர்களும் யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்கள் என்பது அவர்களது மரபு. 1568இல் சித்தூர்க் கோட்டை அக்பரின் படையிடம் வீழ்ந்தபோது ஊரை விட்டு வெளியேறினார்கள். கோட்டை மீளும்வரை நிலையான வீட்டில் வசிப்பதில்லை என்று சபதம் எடுத்து மாட்டு வண்டியிலேயே வாழ்ந்தார்கள். 1955இல் பிரதமர் நேரு அவர்களைச் சித்தூர்க் கோட்டைக்குள் அழைத்துச் சென்று அந்தச் சபதத்தை முடித்து வைத்தார். ஆயினும் இன்றும் அவர்களுள் பலர் நகரங்களின் தெருவோரத்திலேயே கத்தியும் இடுக்கியும் அடித்து விற்கிறார்கள். வாங்குபவர்கள் அவர்களிடம் பேரம் பேசிக் குறைக்கிறார்கள். சாக்காயில் அடிப்பதும் இரும்பைத்தான், இவர்கள் அடிப்பதும் இரும்பைத்தான். அங்கே வேலைக்குப் பெயரும் அங்கீகாரமும் காத்திருக்கும் வாடிக்கையாளரும் உண்டு. இங்கே அந்த மூன்றும் இல்லை.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் உழைப்பின் பெறுமதி பற்றிப் பக்கம் பக்கமாக வாசித்திருக்கிறேன். அதை நேரில் விளங்கிக்கொண்டது நமது பெண்களின் கணக்குக் கொப்பியைப் பார்த்தபோதுதான். முன்னர் சொன்ன பாகற்காய் அக்காவோடு சேர்ந்து ஒரு நாள் வேலையை எழுதிப் பார்த்தோம். சந்தையில் காய், உப்பு, எரிவாயு, பை எல்லாவற்றுக்கும் செலவு 3,100 ரூபா. கடைக்குக் கொடுத்த விலை 3,700 ரூபா. மிச்சம் 600. வெட்ட, உப்பிட, பரப்ப, அள்ள, பொதி செய்ய எடுத்த நேரம் எட்டு மணித்தியாலம். அதாவது மணித்தியாலத்துக்கு 75 ரூபா. 2025 ஏப்ரலில் நமது நாட்டின் சட்டப்படியான குறைந்தபட்ச நாட்கூலி 1,080 ரூபாவாக இருந்தது. அக்கா தன்னைத் தானே வேலைக்கு வைத்து, சட்டம் சொல்லும் கூலியிலும் ஏறக்குறைய பாதியைத்தான் தனக்குக் கொடுத்திருக்கிறார். ஒரே தடிப்பில், விதையில் அலகு படாமல், மெல்லிய வளையமாக அரியும் அவரது கை எல்லோருக்கும் வாய்க்காது. அதற்கு அவர் விலையே போடவில்லை. “வெட்டுறது ஒரு வேலையோ?” என்றுதான் கேட்டார்.

கத்திக் கொல்லருக்கு அடிப்பது வேலை என்றால் அக்காவுக்கு வெட்டுவதும் வேலையே. இதை அவரிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த மாதம் பொதியில் தன் பெயரை எழுதி ஒட்டினார். விலையையும் கூட்டினார். ஒரு கடைக்காரர் வாங்குவதை நிறுத்திவிட்டார் என்பதையும் நான் மறைக்கக் கூடாது. மற்றவர் வாங்குகிறார். கனடாவுக்குப் பொதி அனுப்பும் இரண்டு குடும்பங்கள் இப்போது நேரடியாக அவரிடமே சொல்லிவைத்து எடுக்கின்றன.

நல்ல கத்தியை அறிவது எப்படி?

நாலு கோடி ரூபாக் கத்தி நமக்கு வேண்டாம். ஆனால் உணவுத் தொழில் செய்யும் பெண்ணுக்கு நல்ல கத்தி ஒன்று முதலீடு. சுயதொழில் உதவிக்கான விண்ணப்பங்களில் அடுப்பையும் பாத்திரத்தையும் எழுதுகிறோம். கத்தியையும் தீட்டுகல்லையும் எழுதுவதில்லை. இனி எழுதுங்கள்.

ஊரில் உள்ளவர்கள் பட்டறையிலேயே சொல்லி அடிப்பிக்கலாம். பழைய லொறி, பஸ் வண்டிகளின் வில்லுத் தகட்டில் அடித்த கத்தி நன்றாக உழைக்கும். அந்த உருக்கில் ஏறக்குறைய 0.6 வீதம் கரி இருப்பதால் கூர் நிற்கும். கொழும்பில் உள்ளவர்கள் பழைய சோனகத் தெருவின் இரும்புக் கடைகளில் விசாரித்துப் பார்க்கலாம். வாங்கும்போது அலகை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். பிடி ஆடக்கூடாது. உங்கள் கைக்குப் பாரமாக இருந்தால் எவ்வளவு நல்ல கத்தியானாலும் வேண்டாம்.

தீட்டும்போது கல்லை நனைத்து, அலகைப் படுக்கையாக வைத்து, அதன் முதுகை மட்டும் சிறிது உயர்த்திப் பிடியுங்கள். நாலு சென்ரிமீற்றர் அகலமான கத்திக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் உயரம் போதும். அந்த உயரம் மாறாமல் ஒரு பக்கத்தைத் தேயுங்கள். மறுபக்கத்தில் மெல்லிய பிசிர் விரலில் தட்டுப்பட்டால் அந்தப் பக்கம் போதும், கத்தியைத் திருப்புங்கள். கல் இல்லாத வீட்டில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியிலுள்ள மினுக்கமில்லாத வளையத்தில் தேய்க்கலாம். மழுங்கிய கத்திக்குத்தான் பலம் கொடுத்து அழுத்த வேண்டியிருக்கும். அழுத்தும்போதுதான் அது வழுக்கிக் கையைப் பதம் பார்க்கிறது.

கொல்லர் அடித்த கத்தி துருப்பிடிக்கும். தேசிக்காய், புளி பட்டால் உடனே கழுவித் துடைத்து வையுங்கள். சில நாள் பாவிக்காமல் இருப்பதானால் தேங்காய் எண்ணெய் மெல்லிதாகப் பூசுங்கள். அலகு கறுப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். சிவப்பாகத் துரு ஏறாமல் பார்த்தால் சரி.

யுத்தத்தில் ஒரு கையை இழந்த சகோதரிகளும் நம்மிடையே இருக்கிறார்கள். கனடாவின் வடபகுதியிலும் அலாஸ்காவிலும் வாழும் இனுயிட் மக்களிடம் ‘உலு’ என்ற கத்தி இருக்கிறது. அது அரைவட்ட அலகும் அதன் மேலே நடுவில் பிடியும் கொண்டது. காலங்காலமாகப் பெண்களின் கத்தி என்றே அது அறியப்படுகிறது. பலகையில் வைத்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஒரு கையாலேயே கீரையும் வெங்காயமும் அரியலாம். படம் வரைந்து காட்டினால் நமது கொல்லரும் இதை அடித்துத் தருவார். காய் நழுவாமல் இருக்க வெட்டும் பலகையில் இரண்டு ஆணிகளை அடித்து, அதில் காயைக் குத்தி நிறுத்திக்கொள்ளலாம்.

கொல்லரிடம் போகும்போது இன்னொன்றையும் செய்யுங்கள். அவர் சொல்லும் விலையை அநியாயமாகக் குறைக்க வேண்டாம். அலகில் அவருடைய பெயரின் முதலெழுத்தையாவது வெட்டித் தரச் சொல்லுங்கள். துருத்தி ஊதவும் அரம் தேய்க்கவும் அவருடைய மனைவியோ மகளோ கூட நின்றால் அவருடைய பெயரையும் கேளுங்கள். நமது கைவேலைக்கு நியாயமான விலை கேட்கும் நாம், மற்றவரின் கைவேலைக்கும் அதைக் கொடுக்கப் பழக வேண்டும்.

வீட்டில் ஒரு கொப்பி இருந்தால் போதும். அடுத்த முறை நீங்கள் வற்றலோ மோர்மிளகாயோ பலகாரமோ செய்யும்போது தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் எழுதுங்கள். பொருட்செலவின் கீழே ஒரு கோடு போட்டு, “என் கைக்கூலி” என்று ஒரு வரி சேருங்கள். அதன் பிறகு விலையைச் சொல்லுங்கள்.